கிலோவுக்கு 600 ரூபாய், பில் கிடையாது

பெருந்துறையில் இருக்கும் மனைவியின் சித்தி மகள் போன வாரம் போன் செய்தாள். குரோஷே பின்னல் பொம்மை, கைப்பை, குழந்தைத் தொப்பி என்று வீட்டில் இருந்தபடியே பின்னி இன்ஸ்டாகிராமில் விற்கிறவள். இரண்டு வருடமாக நன்றாகவே போகிறது. பின்னியதை விற்பதோடு, பின்னுகிறவர்களுக்கான ஊசி, நூல், மணி எல்லாவற்றையும் விற்றால் என்ன என்று இப்போது ஒரு யோசனை.

"மாமா, சைனாலிருந்து எடுத்துத் தர ஒருத்தர் இருக்காருங். கிலோவுக்கு 600 ரூபா. வரி, லாரி வாடகை எல்லாம் அதுக்குள்ளயே. வீட்டு வாசல்ல கொண்டாந்து எறக்கிப்போடுவாங்களாம். பில்லு மட்டும் கெடையாதுன்னாங்க. சீட்டு எடுத்த காசு ஒண்ணேகால் லட்சம் இருக்குது. போட்டரலாங்களா?"

"அம்மணி, நாலு நாள் பொறு, எழுதித் தர்றேன்" என்றேன். அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன். சரவணம்பட்டியில் வீட்டு மாடி அறையில் கைவினைக் கருவிகள் விற்கும் ஒரு சின்ன ஆன்லைன் கடையை ஆறு வருடமாக நடத்துகிறேன். வெளிநாட்டிலிருந்து என் பெயரில் சரக்கு இறக்கிய அனுபவமும் உண்டு, அதில் சூடு பட்ட அனுபவமும் உண்டு. அந்தச் சூடு பின்னால் வருகிறது.

முதலில் அந்த 600 ரூபாய்க்காரர். அவரைத் திருடன் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவர் சொல்லும் கணக்கு ஏன் ஆசை காட்டுகிறது என்று தெரியாவிட்டால் அடுத்த தடவை 550 ரூபாய்க்கு இன்னொருத்தர் வருவார். அதனால் நேர்வழிக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். வரி விகிதம் பொருளுக்குப் பொருள், பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். இங்கே கணக்குக்காக அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம், ஐஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு ஊசி செட் சப்ளையர் விலை 150 ரூபாய். 400 செட் வாங்கினால் 60,000. செட் 60 கிராம் என்றால் மொத்தம் 24 கிலோ. விமானக் கூரியர் கூலி 19,000 என்று வைப்போம். சுங்கத்துறை வரி போடுவது அந்த 60,000-க்கு மட்டும் இல்லை. பொருள் விலை, வந்து சேரும் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டி அதன் மேல்தான். இதில் நமக்குச் சாதகமான ஒரு விதி உண்டு: விமானக் கூலி எவ்வளவு ஆகியிருந்தாலும் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று 2007-ன் சுங்க மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. ஆக 19,000-க்குப் பதில் 12,000. காப்பீடு எவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது 675 ரூபாய். மொத்தம் 72,675. வரிக்கான மதிப்பு இதுதான்.

இதில் 10 சதவீதம் அடிப்படை வரி 7,268. அந்த வரித்தொகையின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி 727. (வரிக்கு வரியா என்று கேட்கக் கூடாது. 2018 பட்ஜெட்டில் கல்விக்கான செஸ்ஸை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள்.) இரண்டையும் சேர்த்தால் 80,670. அதன் மேல் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி 14,520. ஆக மொத்த வரி 22,515 ரூபாய். கூரியர் கம்பெனியின் கையாளும் கட்டணமும் ஏஜென்ட் கூலியும் 4,500, வங்கிக் கட்டணம் 1,500 என்று ஒரு 6,000 சேரும். கையைவிட்டுப் போகும் பணம் 1,07,515. செட் ஒன்றுக்கு 269 ரூபாய். 150 ரூபாய் ஊசி இப்போது 269.

ஆனால் நீங்கள் சாதாரண முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்தவராக இருந்தால் அந்த 14,520 உங்கள் கணக்கில் வரவாக ஏறும். விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்போது அடக்கம் 232-க்கு இறங்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் இது கிடைக்காது. சின்னக் கடைக்கு நல்லது என்று ஆடிட்டர் காம்போசிஷனில் போட்டுவிட்டு, கடைக்காரர் இறக்குமதிக்குப் போனால் செட்டுக்கு 36 ரூபாய் போய்விடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இப்போது 600 ரூபாய்க்காரர். 24 கிலோவுக்கு அவர் கேட்பது 14,400. நேர்வழியில் கூலி, வரி, மற்ற செலவு சேர்ந்து, வரவு போக, 32,995. வித்தியாசம் 18,595 ரூபாய், செட்டுக்கு ஏறத்தாழ 46. ஒன்றேகால் லட்சம் முதல் போடுகிற பெண்ணுக்கு 18,000 ரூபாய் சின்னக் காசில்லை. அவள் பேராசைக்காரி இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு கணக்கும்.

அந்த 46 ரூபாய்க்கு அவர் எதை எடுத்துக்கொள்கிறார்? ஒரு காகிதத்தை. பில் ஆஃப் என்ட்ரி என்று பெயர். ஒரு சரக்கு இந்தியாவுக்குள் சட்டப்படி வந்தது, இன்னார் பெயரில் வந்தது, இன்ன பொருள் என்று சொல்லி வந்தது, இவ்வளவு வரி கட்டி வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அதைத் தாக்கல் செய்ய ஐஇசி என்ற இறக்குமதி ஏற்றுமதி எண் வேண்டும். டிஜிஎஃப்டி தருகிறது. கோவையிலேயே அவர்களுக்கு அலுவலகம் உண்டு, ஆனால் போக வேண்டியதில்லை. ஆன்லைனில் விண்ணப்பம், 500 ரூபாய் கட்டணம், உங்கள் பான் எண்ணே ஐஇசி எண்ணாக வரும். (வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உள்ளே போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றாலும். மறந்தால் எண் முடங்கிப் போகும். நான் ஒரு தடவை மறந்தேன்.) கிலோக் கணக்கில் கொண்டு வருகிறவரிடமும் யாரோ ஒருவரின் ஐஇசி இருக்கிறது. யாருடையது, அந்த கன்டெய்னரில் உங்கள் ஊசி என்ன பெயரில் ஏறியிருக்கிறது, யாருடைய எந்தச் சரக்கோடு சேர்ந்து வருகிறது, ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. கூட வரும் பெட்டியில் வேறெதாவது இருந்து கன்டெய்னரையே மடக்கினால், "உள்ளே என் ஊசி இருக்குதுங்க" என்று போய் நிற்க உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

வந்து சேர்ந்துவிட்டாலும் கதை முடியவில்லை. வெளிநாட்டுச் சரக்குக்கு வரி வரவு எடுக்க ஜிஎஸ்டி விதி 36 கேட்பது பில் ஆஃப் என்ட்ரியைத்தான். கொள்முதலே இல்லாமல் விற்பனை மட்டும் காட்டும் கடை ஒரு நாள் கேள்விக்கு வரும். அதைவிடச் சுலபமான ஒரு சோதனை இருக்கிறது. பொட்டலமாக விற்கும் வெளிநாட்டுப் பொருள் ஒவ்வொன்றின் மேலும் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்ஆர்பி, புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். 2011-ன் பொட்டலப் பொருள் விதிகள் இவை. ஆன்லைனில் விற்றால் தளத்திலும் காட்ட வேண்டும். அந்த லேபிளில் அம்மணி யார் பெயரைப் போடுவாள்? தன் பெயரைப் போட்டால் நான்தான் இறக்கினேன் என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகும். கிலோக்காரர் தன் பெயரைப் போடவா விடப் போகிறார்?

கொஞ்சம் பழங்கதை. சின்ன வயதில் ஃபாரின் சாமான் என்றால் ஒன்று துபாய், சிங்கப்பூரிலிருந்து யாராவது பெட்டியில் கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் சென்னை பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-ல் அமைந்த கடைவரிசை. அந்தக் காலத்தில் நுகர்பொருளில் பெரும்பாலானவற்றை இஷ்டத்துக்கு இறக்க முடியாது. மில்லுக்கு இயந்திரம் இறக்கலாம். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலை தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் கடல் தாண்டி இயந்திரம் வாங்கிப் பழகிய ஊர்தான். ஆனால் கடையில் வைத்து விற்க ஒரு பேனாவோ கத்தரிக்கோலோ இறக்குவது வேறு விஷயம். லைசென்ஸ் கேட்பார்கள், கிடைக்காது. உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்றபின் அந்தக் கட்டுப்பாடுகள் போயின. 2000 ஏப்ரல் 1-ல் 714 பொருள்கள், 2001 ஏப்ரல் 1-ல் மீதி 715. நம்மைப் போன்ற சின்னக் கடைக்காரன் தன் பெயரில் சரக்கு இறக்கலாம் என்பதே அந்தத் தேதிக்குப் பிறகு வந்த சமாச்சாரம்.

திறந்த கதவு அப்படியே திறந்து இருக்கவில்லை. பார்சல் மேல் கிஃப்ட் என்று எழுதி அனுப்பும் பழக்கம் ஒன்று இருந்தது. 5,000 ரூபாய் வரை வரி இல்லை என்பதால் கடைச் சரக்கெல்லாம் கிஃப்டாக மாறி வந்துகொண்டிருந்தது. 2019 டிசம்பரில் டிஜிஎஃப்டி அதைத் தடை செய்தது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. (ராக்கி விலக்கு வாங்கியது, நம் பக்கத்தில் ஒன்றுக்கும் வாங்கத் தோன்றவில்லை.) 2020 நவம்பரில் தடை செய்த 43 செயலிகளில் அலிஎக்ஸ்பிரஸும் இருந்தது. ஒன்றிரண்டாக வாங்கிப் பார்க்கும் வழி இப்படி அடைபட்டதால்தான் கிலோக் கணக்கு ஆட்களுக்கு இவ்வளவு கிராக்கி என்பது என் கணிப்பு. இன்றும் சில சப்ளையர்கள் தாராள மனதோடு "கிஃப்ட் என்று போடட்டுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

"கிஃப்ட் போடட்டுமா" கேள்விக்கு ஒரு அண்ணன் உண்டு: "இன்வாய்ஸில் எவ்வளவு போடட்டும்?" விலையைக் குறைத்துப் போட்டால் வரி குறையும் என்ற நல்ல எண்ணம். நீங்கள் வங்கி மூலம் 700 டாலர் அனுப்பியிருப்பீர்கள், இன்வாய்ஸ் 200 டாலர் என்று சொல்லும். வெளிநாட்டுக்குப் போன பணத்துக்கு ஈடாகச் சரக்கு வந்ததா என்று பார்க்க 2016 முதல் ரிசர்வ் வங்கியின் கணினி ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சுங்கத்தில் பதிவான பில் ஆஃப் என்ட்ரியும் வங்கியில் போன தொகையும் அதில் எதிரெதிரே வந்து நிற்கும். பொருந்தாத 500 டாலர் எங்கே என்று வங்கி கேட்கும். முன்பணம் அனுப்பினால் ஆறு மாதத்துக்குள் சரக்கு வந்தாக வேண்டும் என்பதும் இதில் சேர்ந்தது. விலை சந்தேகமாக இருந்தால் நாம் சொன்ன மதிப்பை ஒதுக்கிவிட்டுத் தாங்களே மதிப்புப் போட சுங்கத்துறைக்கும் அதிகாரம் உண்டு.

நான் சூடு பட்டது விலையில் இல்லை, வார்த்தையில்.

ஒவ்வொரு பொருளுக்கும் 8 இலக்கத்தில் ஒரு வரித்தலைப்பு எண் இருக்கிறது. எச்எஸ் கோட் என்பார்கள். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, கடைசி இரண்டு நம் நாட்டுக்கானது. வரி, தடை, சான்றிதழ் எல்லாமே அந்த எண்ணைப் பிடித்துத்தான் வரும். குரோஷே ஊசிக்கு என்ன எண் என்று கேட்டால் பதில் இல்லை, ஊசி எதனால் ஆனது என்று திரும்பக் கேட்க வேண்டும். இரும்பு அல்லது எஃகு என்றால் 7319. அலுமினியம் என்றால் 7616. பிளாஸ்டிக் என்றால் 3926. மூங்கில் என்றால் 4421. கையில் பிடித்தால் நான்கும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சட்டத்தின் கண்ணில் நான்கும் வேறு வேறு அத்தியாயத்துச் சாமான்கள். சப்ளையர் பட்டியலில் "வண்ண ஊசி, 12 அளவு" என்று மட்டும் இருக்கும். என்ன உலோகம் என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். 2011-லிருந்து சுங்கச் சட்டத்தில் சுய மதிப்பீடு வந்துவிட்டது. இன்ன எண், இன்ன விலை, இன்ன வரி என்று சொல்வது இறக்குமதியாளரின் பொறுப்பு. ஏஜென்ட் டைப் அடித்தார் என்பது பதில் ஆகாது.

2022-ல் என் இரண்டாவது சரக்கு விமானத்தில் வந்தது. கோவை விமான நிலையத்திலேயே சரக்குப் பிரிவும் சுங்கமும் உண்டு, கன்டெய்னர் என்றால் இருகூரில் டெப்போ இருக்கிறது. ஆனால் ஆர்டரில் எந்த நிலையம் என்று நான் எழுதவில்லை. சப்ளையர் தனக்குத் தோதாகச் சென்னைக்கு ஏற்றிவிட்டார். முதல் தப்பு அது. ஊசி, நூல் வெட்டும் சின்னக் கத்தரி இவற்றோடு மரமணி கோக்கும் பொட்டலம் 24 வாங்கியிருந்தேன். மொத்தமே 7,000 ரூபாய்ச் சரக்கு. பெரியவர்கள் மாலை கோக்கத்தான் விற்க நினைத்தேன். சப்ளையர் இன்வாய்ஸில் அன்பாக, குழந்தைகளுக்கான விளையாட்டுக் கைவினைப் பொருள் என்று எழுதிவிட்டார். நானும் பார்த்தேன். கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் விளையாட என்று செய்த எதுவும் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் இந்தியாவுக்குள் வரக் கூடாது. பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை, 2020. அந்த முத்திரை வாங்க வேண்டியது வெளிநாட்டில் செய்கிற தொழிற்சாலை, நானில்லை. 24 பொட்டலம் வாங்குகிறவனுக்காக எந்தத் தொழிற்சாலை அதைச் செய்யும்? வரியும் சாதாரணமில்லை. பொம்மைக்கு அடிப்படை வரி 20 சதவீதமாக இருந்ததை 2020 பட்ஜெட்டில் 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு அது நல்லதா என்பது வேறு விவாதம். குழந்தை வாயில் வைக்கும் சாயத்துக்குத் தரம் கேட்பதில் எனக்கு மறுப்பும் இல்லை. ஆனால் 2001-ல் வாசல் வழியே போன லைசென்ஸ் 2020-க்குப் பிறகு தர முத்திரை என்ற பெயரில் ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொருள் மேல் பொருளாக இந்த ஆணைகள் வந்துகொண்டிருக்கின்றன. சார்ஜர், பவர் பேங்க் மாதிரி மின்சாமான்களுக்கு பிஐஎஸ் பதிவு அதற்கு முன்பிருந்தே உண்டு.

ஏஜென்ட் போன் செய்தபோது, "சார், பெட்டியத் திறந்து பாக்கச் சொல்லுங்க, பாத்தாலே தெரியும் மணின்னு" என்றேன். அவர் சிரித்தார். 2020-லிருந்து முகமறியா மதிப்பீடு. ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் ஆரம்பித்து, அக்டோபர் கடைசிக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. பெட்டி மீனம்பாக்கத்தில் இருக்கும், அதன் காகிதத்தைப் படித்து முடிவெடுக்கும் அதிகாரி வேறு ஏதோ துறைமுகத்தில் உட்கார்ந்திருப்பார். யார் என்று நமக்கும் தெரியாது, ஏஜென்ட்டுக்கும் தெரியாது. கேள்வி கணினியில் வரும், பதில் கணினியில் போகும். ஆளைப் பார்த்துச் சரிக்கட்டும் பழைய காலத்துக்கு இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. ஆனால் அவருக்கு முன்னால் இருப்பது என் மணி இல்லை, என் இன்வாய்ஸில் இருக்கும் ஒரு வரி. அந்த வரி பொம்மை என்கிறது.

19 நாள். ஒவ்வொரு நாளும் கிடங்கு வாடகை. கடைசியில் அந்த 24 பொட்டலத்தையும் கைவிட்டு, அபராதம் கட்டி, மற்றதை மீட்டேன். வாடகை, அபராதம், கூடுதல் ஏஜென்ட் கூலி எல்லாம் சேர்ந்து 31,000 ரூபாய். 7,000 ரூபாய்ச் சரக்குக்கு. தீபாவளிக்கு முன் கைக்கு வர வேண்டியது தீபாவளி முடிந்து வந்தது. அந்த மாதம் வீட்டுக்காரியின் வளையல் ஒன்று அடகுக்குப் போனது. அவள் அதை இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை, அதுவே பெரிய தண்டனை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பணம் அனுப்பும் முன் வரைவு இன்வாய்ஸ் வாங்கி, ஒவ்வொரு வரியையும் நானே திருத்தி அனுப்புகிறேன். இன்ன பொருள், இன்ன உலோகம், இன்ன உபயோகம், இன்ன எண். உள்ளதை உள்ளபடி, சுருக்கமாக. மரப்பெட்டியில் கட்டினால் பூச்சி நீக்கிய முத்திரை இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுவேன். ஏஜென்ட்டுக்கும் முன்பே காட்டிவிடுவேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அம்மணி நூலும் இறக்க வேண்டும் என்றாள். பஞ்சுப் பொதியோடு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கனமில்லாத சரக்கு இடத்தை அடைக்கும். கூரியர்காரர்கள் எடையையும் பார்ப்பார்கள், பெட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்தும் பார்ப்பார்கள், எது அதிகமோ அதற்குத்தான் கூலி. 60 செமீ நீளம், 50 அகலம், 40 உயரம் உள்ள நூல் பெட்டி தராசில் 9 கிலோ காட்டும். கூலி 24 கிலோவுக்கு. ஈரோடும் திருப்பூரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது சைனா நூலுக்கு விமானக் கூலி கொடுப்பது எனக்குப் புரியவில்லை. கப்பலில் கன்டெய்னரைப் பங்குபோட்டு ஏற்றலாமே என்றால், அங்கே ஏற்றும் கூலி மலிவாகச் சொல்வார்கள், கொச்சியிலோ தூத்துக்குடியிலோ இறங்கியபின் இறக்கு கூலி, பிரிப்புக் கூலி, ஆவணக் கூலி என்று வேறொரு பில் வரும். இரண்டையும் முன்பே கேட்டு வாங்காமல் ஏற்றக் கூடாது.

"மொதல்ல ஒரு 40 செட் மட்டும் வாங்கிப் பாக்கட்டுங்களா?" என்றும் கேட்டாள். நியாயமான ஜாக்கிரதைதான். ஆனால் இறக்குமதியில் ஜாக்கிரதைக்கு விலை அதிகம். சரக்கு 6,000. சின்னப் பெட்டிக்குக் கூரியர் கூலி 5,500 என்று வைத்தால் வரி 2,251. ஏஜென்ட்டுக்கும் வங்கிக்கும் அதே 6,000, ஏனென்றால் அவர்கள் காகிதத்துக்குக் கூலி வாங்குகிறார்கள், ஊசிக்கு இல்லை. வரி வரவைக் கழித்தபின்னும் செட் 457 ரூபாய். 400 வாங்கினால் 232, 40 வாங்கினால் 457. விற்குமா என்று தெரியாத பொருளை 400 வாங்குவதும் மடத்தனம், விற்குமா என்று பார்க்க 40 இறக்குவதும் நட்டம்.

அதனால் நான் செய்வது, சோதனைச் சரக்கை உள்ளூர் மொத்த வியாபாரியிடம் வாங்குவது. சென்னை சவுகார்பேட்டையில் முறையாக இறக்கி ஜிஎஸ்டி பில்லோடு தருகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு 232 ஆகும் பொருளை 290 சொல்வார்கள். அந்த 58 ரூபாய்க்கு அவர் முதலையும் போட்டு, காகிதத்தையும் பார்த்து, கிடங்கு வாடகை பயத்தையும் சுமக்கிறார். பில்லில் அவர் பெயர் இருக்கும், லேபிளில் அவர் பெயர் இருக்கும். திருப்பூரில் பட்டன், ஜிப் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஏற்றுமதிக்காரர்களுக்கு வரியில்லாமல் வந்த சாமானாக இருந்தால், அதை ஏற்றுமதி ஆடையில்தான் தைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. பில் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாம்பாம் கட்டுகிறவர்களுக்கான மரப்பிடி வைத்த எஃகுக் கொக்கி ஒன்றை மூன்று வருடம் இறக்கி விற்றேன். ஒரு நாள் ஆவாரம்பாளையத்தில் லேத் வைத்திருக்கும் நண்பர் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங், இதுக்கா கப்பல் ஏறிப் போனீங்க?" என்றார். மறுவாரம் நான்கு மாதிரி செய்து கொடுத்தார். மூன்று சரியில்லை, முனை நூலைக் கிழித்தது. நாலாவது நன்றாக இருந்தது. இன்று அந்தக் கொக்கி என் கடையில் இந்தியாவில் செய்தது என்ற லேபிளோடு போகிறது, அடக்கம் இறக்குமதியைவிட 20 ரூபாய் குறைவு. எல்லாச் சாமானுக்கும் இது நடக்காது. வண்ணம் ஏற்றிய அலுமினிய ஊசியை அந்த விலைக்கு இங்கே யாராலும் செய்து தர முடியவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் கோயமுத்தூரில் இருந்துகொண்டு கேட்காமல் ஆர்டர் போடுவது பாவம்.

இவ்வளவையும் எழுதி அம்மணிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமில்லை. நேற்று மாலை கூப்பிட்டாள். கிலோக்காரரிடம் லேபிளில் யார் பெயர் போடுவது என்று மட்டும் கேட்டாளாம். "அதெல்லாம் யாரும்மா பாக்கறாங்க" என்றாராம். இவள் செரிங்க என்று போனை வைத்துவிட்டாள். சவுகார்பேட்டையில் 60 செட் சொல்லியிருக்கிறாள், பில்லோடு 290. நாலு மாதத்தில் அது விற்றால் தன் பெயரில் இறக்குவாளாம். ஐஇசிக்கு இப்போதே போனிலேயே விண்ணப்பித்து 500 ரூபாயும் கட்டிவிட்டாள்.

"அப்பறம் மாமா, நீங்க சொன்ன ஏடி கோடு கேட்டு பேங்குக்குப் போனனுங். அங்கிருந்த சார், அப்படின்னா என்னம்மான்னு என்னையே கேக்கறாரு."

சுங்கத்தில் சரக்கோடு வங்கியை இணைக்கும் 14 இலக்க எண் அது. எல்லாக் கிளையிலும் தெரிந்திருக்காது, அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்குத்தான் போக வேண்டும். சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ஈரோடு போகிறேன்.